நிழலுக்குப் பிறந்த பனைகள்

ஐரோப்பிய நகரங்களின் செடிக்கடைகளில் முளைவிட்ட தேங்காயைத் தொட்டியில் பாதி புதைத்து விற்பார்கள். இரண்டு மூன்று ஓலைகள் விரிந்து, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வாங்கிப் போனவர் வீட்டில் சில மாதங்கள் பச்சை மாறாமல் நிற்கும். பிறகு ஒவ்வோர் ஓலையாகக் காயத் தொடங்கும். தண்ணீர் கூடிப்போயிற்றோ, குறைந்துபோயிற்றோ என்று வீட்டுக்காரர் குழம்புவார். உண்மையில் அத்தனை மாதமும் அந்தக் கன்று பிழைத்திருந்தது தேங்காய்ப் பருப்பின் தயவில். பருப்பு தீர்ந்ததும் தன் உணவைத் தானே தயாரிக்க வேண்டிய கட்டம் வந்தது. அதற்கு வேண்டிய வெயில் அந்த அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

அதே கடையில், அதே வரிசையில் நிற்கும் கென்டியா பாம் அதே அறையில் இருபது ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஏறத்தாழ 2,600 இனங்கள் கொண்ட பனைக் குடும்பத்தில் திறந்த கடற்கரை வெயிலுக்கென்றே அமைந்தவையும் உண்டு. பெருமரங்களின் அடியில், அரையிருட்டில் காலம் தள்ளுபவையும் உண்டு. வீட்டுக்குள் எது நிலைக்கும் என்பதை அந்தப் பிறந்த இடம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மெலிந்த தண்டு, அகலமாகத் தாழ்ந்து வளையும் மட்டை, அவசரமே இல்லாத வளர்ச்சி என்று நாம் ரசிக்கும் எல்லாமே, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் பிழைப்பதற்காக அந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடுகள்.

ஒரு தீவின் விதை வியாபாரம்

ஆஸ்திரேலியக் கரையிலிருந்து கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலில் இருக்கிறது லார்ட் ஹவ் தீவு. எரிமலையால் உருவான இந்தத் தீவின் நீளம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 1788-இல் 'சப்ளை' என்ற பிரிட்டிஷ் கப்பலின் தலைவர் ஹென்றி லிட்ஜ்பேர்ட் பால் இதைக் கண்டபோது இங்கே மனிதர் யாரும் இல்லை. 1830-களில் குடியேறியவர்கள், வந்துபோகும் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் விற்றுப் பிழைத்தார்கள். திமிங்கில வேட்டை நொடித்தபோது அவர்களுக்குக் கைகொடுத்தது தீவின் காட்டில் தானாக வளர்ந்திருந்த ஒரு பனை. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அந்தக் கென்டியாவின் விதையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள்.

வாங்க ஆள் காத்திருந்தது. இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் வெப்பமண்டலச் செடி வைத்திருப்பது அப்போது பெருமைக்குரிய விஷயம். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிக்குள் செடி மாதக்கணக்கில் பிழைக்கும் என்பதை 1829-இல் தற்செயலாகக் கவனித்திருந்தார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் உலகின் செடிகள் கப்பலேறின. 1845-இல் பிரிட்டனில் கண்ணாடிமீதான வரி நீங்கியது. 1848-இல் கியூ தாவரவியல் பூங்காவில் பனைகளுக்கென்றே பிரம்மாண்டமான கண்ணாடி மாளிகை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் கண்ணாடி மாளிகை வேறு, வீட்டு வரவேற்பறை வேறு. கனத்த திரைச்சீலை, கணப்பின் நிலக்கரிப் புகை, குளிர், எல்லாவற்றுக்கும் மேலாக வாயு விளக்குகள். நிலக்கரி வாயுவில் இருந்த எத்திலீன் செடிகளின் வளர்ச்சியைக் குலைக்கும் என்பதை ரஷ்யத் தாவரவியலாளர் திமித்ரி நெல்யுபோவ் 1901-இல் காட்டும்வரை, வாயுவில் இருந்த எந்தப் பொருள் செடிகளை வாட்டுகிறது என்பது தெளிவாகவில்லை. இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்ற ஒருசில செடிகளில் கென்டியாவும் ஒன்று. ஹோட்டல்களின் 'பாம் கோர்ட்' எனப்படும் தேநீர்க் கூடங்களுக்கு அது நிரந்தர அலங்காரமாயிற்று.

தீவுக்காரர்கள் விதை பறித்த விதம் தமிழ்நாட்டுப் பனையேறிகளுக்கு அந்நியமாகத் தெரியாது. கால்களுக்கிடையே தளைநார் போல ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, வழுவழுப்பான, வளையம் வளையமாகத் தழும்பேறிய மரத்தில் ஏறுவார்கள். காய் முற்றுவதற்கே ஆண்டுக்கணக்காகும். பறித்த விதையும் உடனே முளைத்துவிடாது. சில மாதங்களில் முளைப்பதும் உண்டு, ஓராண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடப்பதும் உண்டு. 1918-இல் 'மகாம்போ' என்ற கப்பல் தரைதட்டியபோது அதிலிருந்து கரையேறிய எலிகள் பனை விதைகளைத் தின்று தீர்த்தன. தீவுக்கே உரிய பறவை இனங்கள் சிலவும் அவற்றால் அழிந்தன. எலிகளை ஒட்டுமொத்தமாக ஒழிக்கும் பெரும் முயற்சி 2019-இல்தான் நடந்தது.

இந்தத் தீவு அறிவியலுக்கும் ஒரு நல்ல உதாரணத்தைக் கொடுத்தது. கென்டியாவுக்கு இங்கே ஒரு சகோதர இனம் உண்டு; அதன் மட்டைகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். மலையோ ஆறோ குறுக்கே பிரிக்காமல், ஒரே சிறு தீவில் ஒரு மூதாதையிலிருந்து இரண்டு இனங்கள் எப்படிப் பிரிந்தன? 2006-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, மண்ணையும் பூக்கும் காலத்தையும் காரணமாகச் சொன்னது. கென்டியா பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணில் வளர்கிறது, மற்றது எரிமலை மண்ணில். இரண்டும் பூக்கும் காலமும் சில வாரங்கள் தள்ளிப்போவதால் காற்றில் பறக்கும் மகரந்தம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வது அரிதாகிவிட்டது.

கண் சொல்லும் பொய்

வீட்டுச் செடிகளின் பெரும்பாலான துன்பத்துக்கு மூலம் நம் கண்தான். நடுப்பகல் வெயிலின் ஒளியளவு சுமார் 1 லட்சம் லக்ஸ். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அது 1,000 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடலாம். அறையின் உள் மூலையில் டியூப்லைட் எரிந்தாலும் 200, 300 லக்ஸ்தான். அதாவது வெளியே இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால், அறை 'நல்ல வெளிச்சமாக' இருப்பதாகவே தோன்றும். செல்பேசியில் ஒளி அளக்கும் செயலியை வைத்து ஜன்னல் ஓரத்திலும் சோபா பக்கத்திலும் ஒருமுறை அளந்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இலைக்கு அப்படி ஏமாறும் வசதி இல்லை. உயிரோடு இருப்பதற்கே எல்லா இலையும் சுவாசித்துச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஒளிச்சேர்க்கையின் வரவும் சுவாசத்தின் செலவும் சமமாகும் ஒளியளவுக்குக் கீழே போனால், செடி சேமிப்பைக் கரைத்து வாழ்கிறது. வெயிலில் உருவான இலை தடிமனாகவும் செலவு கூடியதாகவும் இருக்கும். நிழலில் உருவான இலை மெல்லியதாக, அகலமாக, சிக்கனமாக இருக்கும். ஒருமுறை உருவான இலை தன் கட்டமைப்பை அவ்வளவாக மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே வெயிலில் வளர்த்த செடியை நேராக அறைக்குள் கொண்டுவந்தால், பழைய மட்டைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழும். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்த பிறகு, அலங்காரச் செடிகளை விற்பனைக்கு முன் சில வாரங்களோ மாதங்களோ அடர்ந்த நிழல்வலைக்குள் வைத்துப் பழக்கும் முறை பரவியது.

சென்னையிலோ மதுரையிலோ வாங்கும் செடிக்கு இந்தப் பழக்கம் செய்யப்பட்டிருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். வாங்கியதும் இரண்டு மூன்று வாரம் வெயில் படாத வராந்தாவில், பிறகு ஜன்னல் ஓரத்தில், அதற்குப் பிறகு அது நிற்க வேண்டிய இடத்தில் என்று படிப்படியாக உள்ளே நகர்த்துவது நல்லது.

ஒரே ஒரு குருத்து

மாமரத்தின் கிளையை வெட்டினால் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நாலு துளிர் வரும். பனைக் குடும்பத்தில் அது நடக்காது. ஒரு தண்டுக்கு ஒரு குருத்துதான். தென்னையில் குருத்தழுகல் வந்தால் மரமே போய்விட்டது என்று விவசாயிக்குத் தெரியும். தொட்டியில் நிற்கும் பாமுக்கும் அதே விதி. உயரம் அதிகமாகிவிட்டது என்று உச்சியை வெட்டினால் அந்தத் தண்டு அத்தோடு முடிந்தது. கொத்தாகப் பல தண்டுகள் விடும் இனங்களில் மற்றத் தண்டுகள் பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வேப்பமரமோ மாமரமோ ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்படலம் புதுக் கட்டையை அடுக்கும். பனை வகைகளில் அந்தப் படலம் கிடையாது. அதனால் மேலே எழுவதற்கு முன்பே தண்டின் அகலத்தை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வடலி ஆண்டுக்கணக்கில் தரையோடு தரையாக நின்று, பிறகு ஒருகட்டத்தில் மரமாக எழுவதன் காரணம் இதுதான். தண்டில் ஒருமுறை உருவான குழாய்களையும் உயிரணுக்களையும் பனை புதுப்பிப்பதில்லை. நூறு வயதுப் பனையின் அடித்தண்டில் உள்ள உயிரணுக்கள் அந்த நூறு ஆண்டும் உயிரோடு வேலை செய்பவை. பனைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த தாவரவியலாளர் பி.பி. டாம்லின்சன், 2012-இல் வெளியான கட்டுரை ஒன்றில் இந்த நெடுவாழ்வைத்தான் பேசினார்.

வேரும் அப்படியே. ஆணிவேர் இல்லை, தண்டின் அடியிலிருந்து கயிறு கயிறாக வேர்கள் இறங்கும். அறுபட்ட வேர் கிளைவிட்டுப் பிழைப்பது இனத்துக்கு இனம் மாறும். சிலவற்றில் வெட்டிய வேர் முழுக்கச் செத்துவிடும். எனவே தொட்டி மாற்றும்போது மண்கட்டியை உடைக்காமல் அப்படியே தூக்கி வைக்க வேண்டும். வேர்கள் மேலே பிதுங்கி, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடும்வரை பழைய தொட்டியிலேயே விட்டுவிடலாம். முன்பிருந்த ஆழத்தைவிடக் கீழே புதைக்கவும் கூடாது.

எதை வாங்கலாம்?

தமிழ்நாட்டு நர்சரிகளில் எளிதில் கிடைப்பது அரேகா பாம். பெரும்பாலும் ஆந்திராவின் கடியம் பகுதி நர்சரிகளிலிருந்து லாரி ஏறி வருகிறது. பெயரில் அரேகா இருந்தாலும் இது பாக்கு மரமில்லை. மடகாஸ்கரின் கிழக்குக் கரைக்காரர். அங்கே இயற்கையில் அருகிவரும் நிலையை எட்டிக்கொண்டிருக்கும் இந்த இனம், உலகமெங்கும் கல்யாண மண்டபங்களிலும் வங்கிக் கிளைகளிலும் நிற்கிறது. கொத்துக் கொத்தாகத் தண்டு விடும்; வெயிலில் மட்டைக்காம்பு மஞ்சளாகவும் நிழலில் பச்சையாகவும் இருக்கும். வீட்டுக்குள் வளர்க்கும் பாம்களில் வெளிச்சம் அதிகம் கேட்பது இது. ஜன்னலை ஒட்டி வைக்க இடமில்லையென்றால் வேறொன்றைப் பார்ப்பது மேல்.

பார்லர் பாம் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா மழைக்காடுகளின் தரைமட்டத்தில் வளர்வது. முழுதாக வளர்ந்தாலும் ஓர் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. முழங்கால் உயரத்திலேயே பாளை விட்டு, சின்னச் சின்ன மஞ்சள் மணிகளாகப் பூக்கும். மேசை ஓரத்துக்கும் சிறு அறைக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரு தொட்டியில் பத்து இருபது தண்டுகள் தெரிந்தால் அது கொத்துச்செடி என்று நினைக்கக்கூடாது. பார்லர் பாமுக்கு ஒரே தண்டுதான். அடர்த்தியாகத் தெரிவதற்காகப் பல நாற்றுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். நாளாக ஆக அவற்றில் சில பின்தங்கிச் சாவது இயல்பு.

ராபிஸ் தென்சீனப் பகுதியைச் சேர்ந்தது. நாணல் பருமனான தண்டுகளில் பன்னாடை சுற்றியிருக்க, விசிறி விசிறியாகக் கரும்பச்சை ஓலை. ஜப்பானில் எடோ காலத்திலிருந்தே இதைப் போற்றி வளர்க்கிறார்கள். இலையில் வெள்ளை, மஞ்சள் கோடோடிய குட்டை ரகங்களுக்குத் தனித்தனிப் பெயரும் தனி மதிப்பும் உண்டு. குறைந்த வெளிச்சத்தையும் ஏ.சி. காற்றையும் பொறுத்துக்கொள்வதில் இதை மிஞ்சுவது கடினம். பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நட்டுப் பெருக்கலாம். விலை கூடுதலாக இருப்பது அதன் மந்தமான வளர்ச்சிக்குக் கொடுக்கும் விலை.

கென்டியா தமிழ்நாட்டில் அரிது. மிதவெப்பத் தீவில் பிறந்த அதற்குச் சமவெளியின் சித்திரை வெயில் ஒத்துவராது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களின் வீடுகள் அதற்கு ஏற்றவை. குட்டை ஈச்சையாகிய ரோபெலினி, மேக்கோங் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. மட்டையின் அடியில் கூர்முள் இருக்கும், குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் பால்கனியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை: சேகோ பாம் என்ற பெயரில் விற்பது பனையே அல்ல, சைக்கஸ். பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முந்திய பழைய குலம். அதன் எல்லாப் பாகமும், குறிப்பாக விதை, நாய்களின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. அரேகா, பார்லர், கென்டியா, ராபிஸ் நான்கிலும் அந்த ஆபத்து இல்லை.

கையில் எடுத்துப் பார்த்தால்

ஓலையை விரலால் தடவிப் பார்த்தாலே குடும்பத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவு தெரிந்துவிடும். அரேகாவின் ஓலையில் நடு ஈர்க்கு முதுகாக எழும்பி, இரு பக்கமும் கீழே சரிந்திருக்கும், தென்னையும் அப்படியே. ரோபெலினியிலும் ராபிசிலும் தலைகீழ்: நடுவில் பள்ளம், விளிம்புகள் மேலே. இந்த மடிப்பு பிறவியிலேயே வந்தது. பனை மட்டை குருத்துக்குள் இருக்கும்போது தனித்தனி ஓலைகளாக உருவாவதில்லை. மடிப்பு மடிப்பான ஒரே முழு இலையாக உருவாகி, மடிப்புகளின் ஓரமாகப் பிரிந்துதான் ஓலைகளாகிறது. பிரிந்த இடத்துத் திசு சில இனங்களில் மெல்லிய பழுப்பு நூலாகப் புது மட்டையின் விளிம்பில் தொங்கும். நோய் என்று பயந்து மருந்தடிக்க வேண்டாம். அரேகாவின் காம்பில் தெரியும் கரும்புள்ளிகளும் இயற்கையான செதில்களே. நகத்தால் சுரண்டும்போது ஈரம் கசிந்தாலோ சுற்றிலும் பிசுபிசுத்தாலோதான் அது செதில் பூச்சி.

ஓலை நுனி கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரின் அளவைவிட அதன் தரம்தான். வேர் உறிஞ்சும் தண்ணீர் ஓலை நுனிவரை போய் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்குகிறது. போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் நுனிதான் முதலில் பழுக்கும். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுவது இன்னும் மோசம். உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது. மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாகத் தாராளமாக வெளியேறும்படி நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை அலசிவிடலாம். மண் கலவையில் கோகோபீட் சேர்ப்பதானால் அதையும் முதலில் அலச வேண்டும். மேல்மண் விரல் கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டி அழுகும்.

ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய அது, ஓலையின் அடிப்பக்கத்தில் சாறு உறிஞ்சி மேற்பக்கத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளுப்பேற்றும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் ஓலையின் இருபுறமும் துடைத்தால் தூசியும் போகும், சிலந்தியும் கட்டுப்படும்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

அரேகாவின் இந்தியப் புகழுக்கு ஒரு காரணம் உண்டு. டெல்லியைச் சேர்ந்த கமல் மீட்டல் 2009-இல் டெட் மேடையில், அரேகா உள்ளிட்ட மூன்று செடிகளை வைத்தே அறைக்கு வேண்டிய நல்ல காற்றை உண்டாக்கலாம் என்று பேசினார். ஓர் ஆளுக்குத் தோளுயர அரேகா நான்கு வேண்டும் என்றார். அதற்கும் முன்பு, 1989-இல் நாசாவின் வுல்வர்ட்டன் குழு வெளியிட்ட ஆய்வில், மூடிய சிறு பெட்டிக்குள் வைத்த செடிகள் பென்சீன் போன்ற ஆவிகளைக் குறைத்தன.

வீடு மூடிய பெட்டி அல்ல. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸும் வேரிங்கும் 2019-இல் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஆவிகளை நீக்க ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று வந்தது.

ஆக்சிஜன் கணக்கும் அப்படித்தான். ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் வெளிவரக் குறைந்தது 8 ஒளித்துகள்கள் செலவாகும். 1,000 லக்ஸ் பகல் வெளிச்சத்தில் 12 மணி நேரம் நிற்கும் ஒரு சதுர மீட்டர் இலை, விழுந்த ஒளி முழுவதையும் துளியும் வீணாக்காமல் பயன்படுத்தினால்கூட 3 லிட்டருக்கும் குறைவாகவே ஆக்சிஜன் தரும். மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 550 லிட்டர் வேண்டும். ஆக, பாம் வாங்குவதற்கு அதன் அழகு ஒன்றே போதுமான காரணம். காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதுதான் வழி.

மஞ்சளாகும் மட்டையை என்ன செய்வது?

பாம் வளர்ப்பவர்களின் கை கத்தரிக்கோலைத் தேடுவது கீழ்மட்டை மஞ்சளாகத் தொடங்கும்போது. அங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொட்டாசியம் பற்றாக்குறை வந்தால் பனை வகைகள் பழைய மட்டையிலிருந்து அந்தச் சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்பும். பழைய ஓலையில் ஆரஞ்சு, மஞ்சள் புள்ளிகள் தோன்றுவது அதனால்தான். அந்த மட்டையை வெட்டிவிட்டால், செடி அடுத்த மட்டையில் கை வைக்கும். அதையும் வெட்டினால் அதற்கடுத்தது. கடைசியில் கொண்டையில் இரண்டே மட்டை மிஞ்சும். புளோரிடாவில் பனைகளின் சத்துக் குறைகளை ஆராய்ந்த திமதி பிராஷட் இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஓலையின் நடுப்பகுதி பச்சையாக இருந்து விளிம்பு மட்டும் அகலமான பட்டையாக மஞ்சளானால் அது மக்னீசியக் குறை. இரண்டுக்கும் தீர்வு, இந்தச் சத்துகள் இரண்டும் உள்ள, மெதுவாகக் கரையும் உரத்தை வளர்ச்சிக் காலத்தில் சிறிதளவு இடுவது. ஏற்கெனவே மஞ்சளான ஓலை திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் மட்டைகள் ஆரோக்கியமாக வருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். பழைய மட்டை முழுக்கக் காய்ந்து பழுப்பான பிறகு, தண்டை ஒட்டி வெட்டாமல் ஒரு விரல் நீளம் விட்டு நறுக்கினால், மீதி அடித்துண்டு உலர்ந்து தானாகக் கழன்று விழும்.